இன்னும் வளரக்கூடிய பிள்ளை

அமெரிக்கக் கோச் எங்கள் வீட்டுக்கு வர இன்னும் பதினொரு நாள் இருந்தபோது அப்பா அந்தோனிப்பிள்ளை மாமாவிடம் யோசனை கேட்கப் போனார்.

மாமாவுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜெர்மனியில் எங்கள் நகரமான எசனில் இருக்கும் மன்னார்க் குடும்பங்களுக்குக் கலியாணம் பேசிக் கொடுப்பவர் அவர். தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் கோப்பி மேசைக்குப் பக்கத்தில் நிற்பார், ஆட்கள் ஒவ்வொருவராக அவரிடம் வருவார்கள். அப்பா இதையும் ஒரு சம்பந்தமாகவே எடுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து ஒருவர் பிள்ளையைப் பார்க்க வருகிறார். வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். பிடித்தால் பிள்ளையைக் கொண்டுபோவார். இதற்கு அப்பாவிடம் வேறு பெயர் இருக்கவில்லை.

என் தம்பி ஜெசிந்தன் அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிறவன். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, ஆளை ஆள் இடித்து விழுத்தும் விளையாட்டு அது. அதில் பந்தைக் காலால் அடிக்கவென்றே அணிக்கு ஒருவன் தனியாக இருப்பான். தம்பி அந்த ஒருவன். ஆட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தால் அவன் உள்ளே நிற்பது எல்லாமாக ஒரு நிமிடம் வரும். மற்ற நேரம் ஓரத்தில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பா ஒரே ஒரு முறை பார்க்கப் போனார். வீட்டுக்கு வந்ததும், "இவன் ஏன் வந்து குளிக்கிறான்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போகவேண்டும். தம்பிக்குப் போகும். பதினைந்து வயதில் ஐம்பது யாட் தூரத்திலிருந்து அடித்தான். நாற்பத்தைந்து மீற்றருக்கும் கொஞ்சம் கூட. உள்ளூர்ப் பத்திரிகை அவனை அதிசயப் பிள்ளை என்று எழுதியது. அந்தத் துண்டை அவன் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். அமெரிக்கக் கல்லூரிகள் இப்படியானவர்களுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிடுகின்றன என்று அவனுடைய கழகத்தில் சொன்னார்கள். நான் ஐயோவாவில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, அவன் அடிப்பதைப் பதிந்த டிவிடியையும் அனுப்பினேன். எழுதும்போது அப்பா என் கதிரைக்குப் பின்னால் நின்றார். ஒரு பக்கக் கடிதத்தில் பதினேழு என்ற எண் நான்கு தரம் வந்தது.

தம்பிக்குப் பதினேழு வயது இல்லை.

1990 நவம்பரில் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஃபிராங்க்ஃபுர்ட்டில் இறங்கியது வேறு ஒரு பெண்ணின் கடவுச்சீட்டில். ஏஜென்ட் கொடுத்தது. அதில் ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளையும் இரண்டரை வயதில் ஓர் ஆண்பிள்ளையும் இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது, அளவாகப் பொருந்தியது. தம்பிக்கு நாலேகால். அதிகாரி கேட்டபோது அம்மா பயத்தில் கடவுச்சீட்டில் இருந்த திகதியையே சொன்னாள். ஒருமுறை சொன்னதை மாற்றினால் மற்றதெல்லாம் பொய்யென்று அன்ட்ராக்கை, அகதி விண்ணப்பத்தை, தூக்கி எறிவார்கள் என்று முகாமில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்குள் அது நின்றுபோனது. எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதை மட்டும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஜெர்மன்காரரே செய்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளை முழு வசனமாகப் பேசுகிறது என்று பிள்ளை வைத்தியர் பரிசோதனைகளைப் பதியும் மஞ்சள் புத்தகத்தில் எழுதினார். வயதுக்கு மிஞ்சிய கெட்டித்தனம் என்று பாலர் பாடசாலையிலிருந்து ஒரு வருடம் முந்தியே பள்ளிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் அவனே உயரம், அவனே வேகம். எல்லாவற்றுக்கும் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. நான் பௌதிகம் படித்தவள். அளவுகோலின் தொடக்கம் பிழையென்றால் வருகிற அளவெல்லாம் அழகாகப் பிழையாகும். ஆனாலும் பந்து ஐம்பது யாட் போனது உண்மை. அதை நானே நாடா பிடித்து அளந்தேன்.

தம்பிக்கு இது தெரியாது. தான் எல்லாவற்றிலும் இரண்டு வருடம் முந்தி நிற்பவன் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதைக் குறைக்க எங்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

அந்தோனிப்பிள்ளை மாமா அப்பாவிடம் சொல்லி அனுப்பியவை இவை. கேட்டதற்கு மட்டும் பதில். வீட்டில் கலியாணமாகாத பெண்பிள்ளை இருப்பதால் அதை முன்னுக்கு விடவேண்டாம், கதை வேறு பக்கம் போகும். பையனை யன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி இருத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வயது.

"வயதுதான் உங்கட சொத்து, ஜேசுரட்ணம். குறைஞ்ச வயதை ஆர் வேண்டாமெண்டவை? அதை மறக்காமல் சொல்லுங்கோ."

என்னைப் பின்னுக்கு வைக்க வழியில்லை என்பது அப்பாவுக்குப் பிறகுதான் விளங்கியது. கோச்சுக்கு ஜெர்மன் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கிலிஷ் ஓடாது. மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன். மற்றவர்களுடைய வசனங்களைச் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலை கோச் முதலில் மைதானத்துக்கு வந்தார். உண்மையில் அவர் டுசல்டோர்ஃபில் நூற்று முப்பது கிலோ நிறையுள்ள ஒருவனைப் பார்க்கவே ஜெர்மனிக்கு வந்திருந்தார். எசன் வழியில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், பெரிய வயிறு, மெல்லிய குரல். தம்பி இருபது தரம் அடித்தான். பதினெட்டு உள்ளே போயிற்று. நான் ஓரத்தில் நின்று பந்து காற்றில் இருந்த நேரத்தை எடுத்தேன். கோச்சும் எடுத்தார். எங்கள் இரண்டு பேரின் எண்களுக்கும் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

பிறகு வீடு. அம்மா மீன் ரோல்ஸ், கட்லட், கேக், மூன்று விதமான பலகாரம் என்று மேசையை நிறைத்திருந்தாள். அவள் பெயர் பிளோறன்ஸ் என்று அறிந்ததும் கோச் தன் தாயின் பெயரும் அதுதான் என்றார். அம்மா உடனே அவருக்கு இன்னொரு கட்லட் வைத்தாள். அவர் ஏழு சாப்பிட்டார்.

"அம்மா, பாத்துக் குடுங்கோ," என்றான் தம்பி. "என்னை விட்டிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போறார்."

"நான் போவன். இவருக்கு ஆரும் வீட்டிலை சமைக்கிறேல்லைப் போல."

கோச் என்னவென்று கேட்டார். அம்மா உங்கள் கல்லூரியை விரும்புகிறார் என்றேன்.

அவர் தம்பியின் பரீட்சை எப்போது முடிகிறது என்று கேட்டார், இங்கிலிஷில் என்ன புள்ளி என்று கேட்டார், பூசைக்குப் போகிறவனா என்று கேட்டார். அப்பா ஒவ்வொரு பதிலையும் பதினேழு வயதில் தொடங்கினார். பதினேழு வயதிலேயே பள்ளி முடிக்கும் அபித்தூர் பரீட்சை எழுதுகிறான். பதினேழு வயதிலேயே பூசையில் வாசகம் வாசிக்கிறான். நான் ஒரு முறை அந்த எண்ணை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். அப்பா கண்டுபிடித்து, "வயதைச் சொன்னனியே?" என்று கேட்டார்.

கோச் கையைத் துடைத்துவிட்டுக் கதிரையில் பின்னால் சாய்ந்தார். பிறகு நேராகவே பேசினார். தம்பிக்கு அது அப்போதே விளங்கியது. அவன் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே நான் அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவரிடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அவருடைய பழைய ஆள் படிப்பை முடித்துப் போகிறான். ஓகஸ்டில் வருகிறவன் முதல் ஆட்டத்திலேயே அடிக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அவர் பதினேழு வயதுப் பையன் ஒருவனை எடுத்தார், இவனைப் போலவே நல்லவன். வந்த வருடமே ஏழு சென்ரிமீற்றர் வளர்ந்தான். கால் நீண்டது, வீச்சு மாறியது, பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு வருடம் வீணாய்ப் போயிற்று. அதனால் இனிமேல் வளர்ந்து முடிந்த ஆளைத்தான் எடுப்பேன் என்று கல்லூரிக்குச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு ஹம்பேர்க்கில் ஒருவனைப் பார்க்கிறார். இவனளவு திறமை இல்லை, ஆனால் வயது இருபது.

"இவனுக்குப் பத்தொன்பதெண்டால் இந்த மேசையிலேயே இடம் குடுக்கிற கடிதத்தை எடுத்திருப்பாராம்," என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

தம்பி கோச்சிடம் நேரே பேசத் தொடங்கினான். தான் இனி வளரப்போவதில்லை, இரண்டு வருடமாக ஒரே சப்பாத்து அளவு, ஒரே உயரம் என்றான். கோச் சிரித்தார். பையன்கள் அப்படித்தான், கொஞ்சம் நின்றுவிட்டுப் பதினெட்டில் ஒரேயடியாக எழும்புவார்கள் என்றார். தம்பி கையெலும்பை எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் என்றான். நான் அதை முதலே யோசித்திருந்தேன். எலும்பு பிறந்த திகதியையும் சேர்த்துச் சொல்லிவிடும் என்பதால் அதைச் சொல்லாமல் இருந்தேன். எப்படியும் கோச்சுக்கு நேரமில்லை. மூன்று மணிக்கு ரெயில்.

"எங்கட குடும்பத்திலை ஒருத்தரும் உயரமில்லை எண்டு சொல்லு," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, அத்தாட்சியாகத் தானே எழும்பி நின்றார். அப்பா நூற்று அறுபத்திரண்டு சென்ரிமீற்றர். கோச் அவரைப் பார்த்தார், பக்கத்தில் நூற்று எண்பதில் இருந்த தம்பியைப் பார்த்தார். அதுதான் என் பயம் என்றார்.

அப்பா மெல்ல உட்கார்ந்தார். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் எங்களிடம் பிள்ளைக்கு வயது போதாது என்கிறார். கோச்சுக்குக் கடவுச்சீட்டில் அக்கறையில்லை, எலும்பில்தான் அக்கறை. ஒரு வசனம் போதும். அதை நான் இங்கிலிஷில் சொன்னால் கோச்சுக்கு விளங்கும், தம்பிக்கும் விளங்கும். தமிழில் சொன்னாலும் அவனுக்கு விளங்கும். ஜெர்மனில் சொன்னாலும்தான். இந்த வீட்டில் அவனுக்குத் தெரியாத மொழி இருக்கவில்லை.

கோச் எழும்பி அம்மாவுக்குக் கை கொடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் கட்டாயம் எழுதச் சொன்னார், அப்போது வேறு இடம் ஒன்று வரலாம் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, பரவாயில்லை கோச், நான் சின்ன ஆள்தானே, எனக்கு நேரமிருக்கிறது என்றான். அவன் அழவில்லை. அவனுடைய தலைக்கனத்தைக் கூட அந்த நேரம் காணவில்லை.

அம்மா கோச்சின் கையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளுடைய பெயரைத் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொன்னார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள், ஆனால் பேசியது என்னிடம்.

"கிறிஸ்ரினா, நான் சொல்லுறதை அப்படியே இவருக்குச் சொல்லு. தம்பிக்குப் பதினேழில்லை. பத்தொன்பது."