மூன்றாம் சரணத்துக்குச் சான்று

தொப்பி வைத்தவர்களெல்லாம் அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டுப் பாடிவிட முடியாது, அதற்கு அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதிவிட்டான். புதிதாக லாரிப் பாட்டு ஒன்றைப் பாடி வெளியிட்டிருந்த பாடகியின் நிறமும் பெயரும் அவன் கண்ணை உறுத்தின. லாரிக்காரன் பெண்டாட்டியான அவள் லாரியைப் பாடாமல் வேறு யார் பாடுவதாம்? ஆனாலும் அவன் எழுதியதை நாலு பேர் நம்பினார்கள்.

பாட்டுக் கம்பெனி மேனேஜர் பதறவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பாட்டில் வருவதெல்லாம் அவள் வாழ்க்கையில் நடந்தவை என்று போட்டோவோடு காட்டிவிட்டால் ஊர் வாயை மூடிவிடலாம் என்றார். முதல் சரணத்தில் வளர்த்த நாய் தொலைகிறது. இரண்டாவதில் கொட்டகை எரிகிறது. மூன்றாவதில் மலைப்பாதை வளைவில் புருஷன் லாரியோடு உருண்டு போய்ச் சேர்கிறான். எல்லாம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தான் கற்பனையாக எழுதியது என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

"அதை யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

புருஷனுக்கு எல்லாமே கேலிதான். மூன்றாம் சரணத்தையே தன் போனுக்குக் காலர் டியூனாக வைத்துக்கொண்டான். "செத்துட்டான்னு புரளி கிளம்பினா ஆயுசு கெட்டி. தெரியாதா உனக்கு?" என்று சிரித்தான்.

அடுத்த வாரம் நாயைக் காணவில்லை. தெருத்தெருவாகக் கூப்பிட்டு அலைந்தாள். நாய்தானே, எங்காவது சுற்றிவிட்டு வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பத்தாம் நாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகை எரிந்தது. மின்கசிவு என்றார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே கம்பெனியின் போட்டோக்காரர் வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குத் தொலைந்த நாய் நினைவுக்கு வந்தது.

அன்றே மேனேஜரைக் கூப்பிட்டு, மூன்றாம் சரணத்தை மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். "வெளிவந்த பாட்டை எப்படிம்மா மாத்தறது? இப்பதான் ஜனங்க நம்பவே ஆரம்பிச்சிருக்காங்க," என்றார் அவர், அதே தணிந்த குரலில்.

புருஷனிடம் அழுதாள். பாட்டு என்ன கடிக்கவா போகிறது என்றான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, இனி மலைப்பக்கம் லோடு எடுப்பதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

இன்று காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிப் போயிருந்தான். மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. திடீரென்று நல்ல லோடு வந்ததாம், மேனேஜரே பிடித்துக் கொடுத்தாராம், சாயங்காலம் வந்துவிடுவானாம். எந்தப் பாதை என்று எழுதவில்லை.

வாசலில் கம்பெனி கவர் கிடந்தது. பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு போட்டோ. மலைப்பாதை வளைவின் தடுப்புச் சுவரில் ஒரு மலர்வளையம் சாய்ந்திருந்தது. லாரி இல்லை, ஆளும் இல்லை. பின்புறம் 'மூன்றாம் சரணம்' என்று எழுதி, இன்றைய தேதி போட்டிருந்தது.

அவனுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அவள் குரலே அவள் காதில் பாடியது. வளைவு வரைக்கும் பாடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.