பல்லைப் பிடித்துப் பாருங்கள்

உருகுவே ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் கூட்டுறவு நடத்துகிறோம். முதலாளி என்று யாரும் கிடையாது. ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆளுக்கு ஒரு வாய். நகராட்சி மருத்துவமனையின் நோயாளிப் பதிவு வேலை கிடைக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டு தலைநகர் மான்டிவிடியோவுக்குப் பிழைக்கப் போக வேண்டியதுதான்.

டெண்டர் திறந்த அன்று, கொள்முதல் அதிகாரி நெலிடா எங்கள் விலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மென்பொருளுக்கு விலை பூஜ்யம். பராமரிப்புக்கு மட்டும் ஆண்டுக் கூலி.

எதிரே வால்டெமார், பழைய மென்பொருளை விற்ற கம்பெனியின் ஏஜெண்ட். எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏம்மா க்ரிசெல், ஓசிக்கு எதுக்கும்மா டெண்டர்? வாசல்ல வெச்சிட்டுப் போனா யாராச்சும் எடுத்துக்குவாங்க. பூஜ்யம்லாம் ஒரு விலையா மேடம்? இந்த டெண்டரை நிராகரிச்சிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஸ்பானிஷ் மொழியில் 'லிப்ரே' வேறு, 'கிராத்திஸ்' வேறு. கட்டற்றது வேறு, ஓசி வேறு. கட்டற்றதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தெரிந்தே குழப்புகிறான்.

நெலிடாவும் தயங்கினாள். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. எனக்கு அதான் பயம்."

"இது தான மாடு இல்ல மேடம். பல்லைப் பிடிச்சே பாருங்க, வாயைத் திறந்துதான் வெச்சிருக்கோம். உங்க யமாண்டுவைக் கூப்பிடுங்க."

யமாண்டு நகராட்சியின் கணினி ஆள். எங்கள் ஊரில் நோயாளியைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கே அது தன் பெயர் என்று உறைக்காது. பட்டப்பெயர் சொன்னால்தான் எழுந்து வருவான். பட்டப்பெயருக்குப் பதிவுத் திரையில் ஒரு கட்டம் வேண்டும் என்று நர்ஸுகள் கேட்கும்போதெல்லாம் 'அடுத்த பதிப்பில் வரும்' என்பான் வால்டெமார். எங்கள் மென்பொருளிலும் அது இல்லைதான்.

யமாண்டு வந்து எங்கள் நிரலைத் திறந்தான். ஒரு சுற்று மாத்தே முடிவதற்குள் கட்டம் வந்துவிட்டது. நான் விசைப்பலகையைத் தொடவே இல்லை. சோதனைக்கு அவனே ஒரு நோயாளியைப் பதிந்தான். பெயர்: வால்டெமார். பட்டப்பெயர்: அடுத்த பதிப்பு.

அறையே சிரித்தது. வால்டெமார் மட்டும் குவளையைக் கீழே வைத்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாங்கள் எழுதியதை இன்னொருவன் தன் வீட்டுச் சாமானைப் போலத் திருத்துகிறான். இதைவிட என்ன பெருமை வேண்டும்?

சிரிப்பு அடங்கியதும் நெலிடா என்னைப் பார்த்தாள். "எல்லாம் நாங்களே பண்ணிக்கலாம்னா, உங்களுக்கு எதுக்கும்மா நான் கூலி குடுக்கணும்?"

"நாங்க இந்த ஊரை விட்டுப் போகாம இருக்கறதுக்கு மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள்.