மயிலம்மாளின் ஏழு ஸ்பேனர்கள்

1953 ஆடியில், மேட்டூரில் திறந்த தண்ணீர் திருச்சிக்கு வந்து சேர்ந்த அன்று, மயிலம்மாளின் வேனில் இருந்த நட்டுகள் எல்லாம் அரை நூல் பெருத்தன. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நட்டோடு போல்ட்டும் சேர்ந்தே பெருத்ததால் வண்டி ஓடுவதில் குறை இல்லை. எதையும் கழற்றத்தான் முடியவில்லை. தையில் ஆறு வடிந்தபோது அவையும் வடிந்து பழைய அளவுக்கு வந்தன. அந்த ஆண்டு மண்ணச்சநல்லூரில் அரிசி விலை சற்று இறங்கியிருந்தது.

வேன் பட்டாளத்து ஏலத்தில் வந்தது. மயிலம்மாளின் கணவன் மருதை அதை வாங்கி, மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கும் மலைக்கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்கும் அரிசி ஏற்றினான். இரண்டாம் வருஷம் டைபாய்டில் இறந்துபோனான். மயிலம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஒரு பெண் வேன் ஓட்டுவதை ஊர் ஒரு மாதம் நின்று பார்த்தது. பிறகு பார்க்க வேறு ஏதோ கிடைத்தது. ஆனால் வேனில் பாதிப் பணம் மருதையின் அண்ணன் பெரியண்ணனுடையது. அவருக்குக் கொள்ளிடக் கரையில் நிலம் இருந்தது, வேனை விற்றுக் கிணறு வெட்டும் எண்ணமும் இருந்தது. "ஒரே ஒரு நாள் சுமை கடைக்குப் போய்ச் சேராம இருக்கட்டும். மறுநாளே வண்டிய வித்துப்புடுவேன்" என்று பங்காளிகள் முன்னால் சொல்லியிருந்தார். வண்டி போனால் மயிலம்மாளுக்கு மிஞ்சுவது அவர் வீட்டுச் சமையற்கட்டுதான். அது இருவருக்கும் தெரியும்.

பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த குத்புதீன் அடுத்த ஆடிக்கு முன் பழைய நட்டு போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்த்தான். புது நட்டுகள் தண்ணீர் வந்தும் ஒரு வாரம் சும்மா இருந்தன. பிறகு அவையும் ஆற்றைக் கற்றுக்கொண்டன.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வண்டிய ஆத்துப் பக்கம் ஓட்டாதீங்க" என்றான்.

"ரெண்டு ஆத்தையும் தாண்டாம மண்ணச்சநல்லூர்லேருந்து இங்க எப்படிப்பா வர்றது? பறந்தா?"

"அதுக்கு நட்டே வேணாமேக்கா."

பட்டறையில் விட்டால் இரண்டு நாள் போய்விடும். சுமை தவறாமல் இருந்ததெல்லாம் மில்காரர் தன் மாட்டு வண்டியைக் கொடுத்து உதவியதால்தான். அடுத்த முறை கொடுப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று மயிலம்மாள் முடிவு செய்து, 1955 சித்திரையில், பெரிய கடைவீதியில் ஹனீஃபாவின் இரும்புக் கடைக்குப் போனாள். பெரியண்ணனும் கூட வந்தார். பாதி வண்டி அவருடையதாயிற்றே.

ஹனீஃபா இரண்டைக் காட்டினார். ஒன்று சிவப்புத் தகரப்பெட்டி. அரை நூல் ஏற்றத்தில் எல்லா அளவும் வெல்வெட் துணியில் படுத்திருந்தன. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. இன்னொன்று சாக்குத் துணியில் சுற்றிய ஏழு ஸ்பேனர்கள். இரண்டு நூலிலிருந்து எட்டு நூல் வரை, ஒரு நூலுக்கு ஒன்று. கறுப்பு எஃகு, கைக்குக் கனமாக இருந்தது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். பெரியண்ணன் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மயிலம்மாள் கடையின் மேசை இடுக்கியில் துருவேறிக் கிடந்த ஒரு போல்ட்டைக் காட்டி, திருகிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பேனர் அந்த நட்டைப் பிடித்ததும் கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்துகொண்டது. கறுப்பு ஸ்பேனர் முனகிற்று, நட்டு அசைந்தது.

"சாக்குத் துணியில இருக்கறதே போதுங்க" என்றாள்.

ஹனீஃபா வியாபாரத்தில் நேர்மையானவர். "யோசிச்சுக்க தங்கச்சி. உன் வண்டி சங்கதி குத்புதீன் சொல்லிருக்கான். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நட்டு வந்து நின்னுச்சுன்னா இதுல ஒண்ணும் கிடையாது."

"பரவால்லீங்க. வாய் பொளக்குற சாமான் எத்தனை இருந்து என்ன?"

"சீர் வரிசையில கரண்டி குடுத்த மாதிரி ஏழே ஏழு வாங்கிட்டுப் போறா" என்று பெரியண்ணன் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவள் நல்ல அளவு பார்த்து வேலை செய்தாள். ஆற்று நீர் ஒரு முழு நூல் அளவில் நிலைத்து நிற்கும் நாளில் ஆயில் மாற்றினாள், பிளக் கழற்றித் துடைத்தாள், ஃபேன் பெல்ட் இறுக்கினாள். இடைப்பட்ட அளவு நாட்களில் வண்டிக்கு ஒன்றும் வரவில்லை. வராமலே இருந்துவிடும் என்று அவளும் நினைக்கவில்லை.

1957 ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. முக்கொம்பு அணையில் வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டும் என்று பெரியண்ணனும் அன்று வண்டியில் ஏறிக்கொண்டார். கொள்ளிடம் பாலத்தின் நடுவில் பின்சக்கரம் பஞ்சரானது. மூட்டைகள் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது; மழை அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் ஜாக்கி வைத்து, மாற்றுச் சக்கரத்தை இறக்கி, நட்டில் ஆறு நூல் ஸ்பேனரை வைத்தாள். நுழையவில்லை. ஏழு நூல் ஸ்பேனரை வைத்தாள். லொடலொடவென்று சுற்றியது.

பின்னால் மாட்டு வண்டிகள் தேங்கின. "ஏம்மா, பாலத்தக் குத்தகைக்கு எடுத்துருக்கியா?" என்று ஒருவன் கத்தினான்.

"அன்னிக்கே சொன்னேன், செவப்புப் பெட்டிய வாங்குன்னு! அதுல ஆறரை இருந்துச்சு!" என்று பெரியண்ணன் கத்தினார். வண்டியிலிருந்த குறட்டால் நட்டைக் கவ்வித் திருகினார். அது வழுக்கி, அவர் விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். "இன்னிக்குச் சுமை போகல மயிலு. எல்லார் முன்னாலயும் சொன்ன சொல்லு. நான் மாற மாட்டேன்."

மயிலம்மாள் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தாள். செந்தண்ணீர், ஒரு முழு வாழை மரம், ஒரு கூரை. தூணில் இருந்த பாசிக் கோடு சற்று முன் தெரிந்தது, இப்போது தெரியவில்லை. திரும்பி வந்து ஏழு நூல் ஸ்பேனரை நட்டில் மாட்டிக் கையால் தாங்கிப் பிடித்தபடி சாலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்றே?"

"கொஞ்சம் இருங்க மாமா. தண்ணி ஏறுது."

பெரியண்ணனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவரும் குந்தி உட்கார்ந்து நட்டையே பார்த்தார். வண்டிக்காரர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். ஸ்பேனரின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது, பின் நின்றது. அவள் கையை எடுத்தாள். ஸ்பேனர் விழவில்லை.

ஐந்து நட்டுகளையும் கழற்றிச் சக்கரத்தை மாற்றி அதே ஏழாலேயே முடுக்கினாள். கடைசி நட்டில் ஸ்பேனர் இறுகிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். பின்சக்கரத்தில் ஒரு ஸ்பேனர் சுழல, வேன் ஸ்ரீரங்கம் வழியாகக் காவிரிப் பாலத்தையும் தாண்டி, கடைகள் மதியச் சாப்பாட்டுக்குச் சாத்துமுன் எல்லா மூட்டைகளையும் இறக்கியது. பெரியண்ணன் துணி எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்பேனர் தையில் தானாகக் கழன்று விழுந்தது.

பிறகு மில்லிமீட்டர் கணக்கு வந்தது. ஹனீஃபா கடையில் புது ஸ்பேனர்கள் வந்தன. வேன் அதைப் பொருட்படுத்தவில்லை. அறுபதுகளில் ஆடி பிறந்தால் பெரியண்ணன் தினமும் விடிந்ததும் வந்து, வேன் பக்கம் நின்று, "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று கேட்பார். ஆறரை என்றால் நாற்றுப் பறிக்க ஆள் சொல்வார். ஏழு என்றால் மாடுகளைக் கரைமேல் ஏற்றிக் கட்டச் சொல்வார். ஏழுக்கு மேல் என்றால் நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்ற வீட்டுக்கு நடப்பார். யாராவது வேனை விலைக்குக் கேட்டால், தண்ணீர் வடியட்டும், பார்க்கலாம் என்பார். வடிந்தபின் வந்து கேட்டால், தண்ணீர் வரட்டும் என்பார்.