பின்பக்க இடது டயர்

"ஆளை எறக்காம ஜாக்கி போட முடியாதுங்கக்கா" என்றார் டயர் கடை தமிழரசு.

"எறக்க முடியாதுங்க. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. உசுரோட ஊடு சேர்க்கோணும்" என்றாள் மஞ்சுளா.

தமிழரசு காருக்குள் குனிந்து பார்த்தார். சாய்த்துப் போட்ட முன் இருக்கையில், பெல்ட்டுக்குள், அவளுடைய அப்பா மருதாசலம் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தமிழரசு ஜாக்கியை எடுத்து வந்தார்.

மல்லூர் தாண்டியதும், இந்தக் கடைக்குப் பக்கத்திலேயே பின்பக்க டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னி அதைவிட மொட்டை. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரிக்காரர் வீட்டுக் காருக்கு நல்ல டயர் வாய்த்த சரித்திரம் உண்டா? இந்தப் பழைய காரில்தான் மஞ்சுளா தினமும் புதுச்சத்திரத்திலிருந்து சேலத்துக்கு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடமாகப் புது டயர் கேட்டும் அப்பா, "முன்னாடி டயரைப் பின்னாடி போடு, இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்றே தள்ளிப்போட்டார். அதற்காக இப்போது கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நான்கு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

வெளியில் பிரிந்த உயிரென்றால் உடம்பை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். பெரியப்பாவை அப்படித்தான் கொட்டும் மழையில் வாசல் பந்தலிலேயே கிடத்தினார்கள். அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "அப்பாவ அவரு கட்டுன ஊட்டுக்குள்ள கொண்டாந்துரு சாமி."

தமிழரசு ஒரு டயரை உருட்டி வந்தார். "இந்த சைசு இப்ப அதிகமா யாரும் வாங்கறதில்லைங்க. ஊடு போய்ச் சேர இது போதும்."

"போடுங்க."

அப்பாவின் விரல் அசைந்தது. மஞ்சுளா குனிந்தாள்.

"தேதி பாத்தியா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கப்பா?"

"எனக்கென்ன... நாளைக்கும் நீதான ஓட்டோணும்."

டயரின் ஓரத்தில், தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருந்தன. ஏழு வருடப் பழசு. கடையிலேயே கிழமாகிப்போன டயர். இருபத்தைந்து கிலோமீட்டர்தானே, விட்டுவிடலாம். ஆனால் அப்பாவின் கண் அவள் மீதே இருந்தது.

"புதுசு இல்லைங்களா?"

தமிழரசுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "குடோன்ல தேடோணும். நேரமாகுமுங்களே?"

"பரவாயில்லைங்க, பாருங்க."

கால் மணி நேரமானது. வந்த டயரைத் துடைத்து எண்ணைப் படித்தாள். தயாரித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொல்லத் திரும்பினாள். அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை.

"ரெண்டு மாசந்தானுங்கப்பா ஆச்சு" என்றாள் அப்போதும்.

அந்தக் கால் மணி நேரத்தைத் தொலைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை. தமிழரசு டயரை மாட்டி முடித்து, தோள் துண்டை எடுத்து அப்பாவின் தாடையைக் கட்டப்போனார். மஞ்சுளா அவர் கையைப் பிடித்தாள். கட்டினால் தெரிந்துவிடும். அவருக்கும் புரிந்தது.

"தூங்கறாருங்க. பாத்துப் போங்க" என்றார்.

கார் குலுங்காமல் ஓடியது.

வாசலில் உறவெல்லாம் கூடியிருந்தது. "உசுரு இருக்குதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்குதுங்க. வழி உடுங்க."

நான்கு பேர் தூக்கிப்போய் உள்ளே கட்டிலில் படுக்க வைத்தார்கள். தூக்கிய கைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஒருவர், உயிருள்ளவருக்கு வைப்பதுபோல, தலைக்குத் தலையணை வைத்தார்.

அம்மா பெரியநாயகி அவர் நெற்றியில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. பிறகு மகளைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டாரா சாமி?"

"கேட்டாருங்கம்மா."

அம்மா சொம்பைக் கொண்டுவந்து, அவர் வாயில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. அதை முந்தானையால் துடைத்தாள். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"குடிச்சுட்டாருங்க."