பதினெட்டு கேஜ்

அக்டோபர் 6, திங்கள். தகட்டின் கனத்தைத் தவறாக எழுதியிருக்கிறேன். பதினெட்டு கேஜ் என்றால் 1.8 மில்லிமீட்டர் இல்லை, ஏறக்குறைய 1.2. சரிபார்க்காமல் கடையில் சொன்னது நான்தான்.

எழுதிவிட்டு மதிவதனி டைரியை மூடினாள். தவறு சின்னதுதான். ஆனால் அது நேராக அப்பாவின் மூச்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்பாசாமி அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். தூசி தின்ற நுரையீரல் இப்போது ஆக்சிஜன் மெஷினை நம்பி ஓடுகிறது. கழிப்பறைக்குப் போனாலும் மெஷின் கூடவே போகவேண்டும். அதற்காகத்தான், மாலையில் கணினி வரைபடம் கற்றுத்தரும் ஆட்டோகேட் வகுப்புக்குப் போகும் மகள் ஒரு தள்ளுவண்டி வரைந்தாள். பழைய பீரோக் கதவை வெட்டி இரண்டு தட்டு: கீழே மெஷின், மேலே மருந்துகள். பற்றவைத்துக் கொடுத்த பட்டறைக்காரர் பதினெட்டு கேஜ், நல்ல தகடு என்றார். வகுப்பில் எல்லாமே மில்லிமீட்டர். அவள் கை தானாக 1.8 என்று எழுதிக்கொண்டது.

மூக்குக்குப் போகும் குழாய் மேல்தட்டின் விளிம்பை உரசித்தான் போயாகவேண்டும். அந்த விளிம்போ பிளேடு மாதிரி. அரம் போட்டுப் பார்த்தாள். ஒரு பிசிறு போய் இன்னொரு பிசிறு வந்தது. எதையாவது பசை வைத்து ஒட்டலாம் என்றால், அந்த வாடையே அப்பாவுக்கு இழுப்பைக் கொண்டுவரும். கார் கதவு விளிம்பில் மாட்டுகிற, பசையில்லாமல் தானே கவ்விக்கொள்கிற ரப்பர் பீடிங்தான் ஒரே வழி. சனிக்கிழமை டவுனில் கார் சாமான் விற்கும் கலையரசன் கடைக்குப் போனாள்.

"எந்த காருக்குமா?"

"காருக்கு இல்லண்ணா, வண்டிக்கு."

"அதான், இன்னா வண்டி?"

"எங்கப்பா மூச்சு வண்டி."

அவர் சிரிக்கவில்லை. எத்தனை எம்.எம். என்று மட்டும் கேட்டார். அவள் தயங்காமல் 1.8 என்றாள். எதற்கும் தயங்குகிறவள், அன்றைக்கு மட்டும் தயங்கவில்லை.

இன்று காலை வண்டி வாசற்படியில் ஏறி இறங்கியது. தொளதொளவென்று நின்ற பீடிங் கழன்று விழ, குழாய் வெறும் விளிம்பில் இழுபட்டு அறுந்தது. அப்பாவின் உதடு நீலம் பாய்ந்தது. மாற்றுக் குழாயைப் பிரித்து மாட்டுவதற்குள் அவள் கை நாலு தடவை நழுவியது. இனி வீட்டில் வேறு குழாய் இல்லை.

அதன்பிறகுதான் வகுப்பில் போனுக்கு அனுப்பியிருந்த கேஜ் அட்டவணையைத் தேடிப் பார்த்து டைரியைத் திறந்தாள். எழுதினால் மனசு ஆறும் என்பார்கள். ஆறவில்லை. தண்ணீர்க் குழாயைக் கீறி விளிம்பில் மாட்டினாள், துள்ளி விழுந்தது. துணியைச் சுற்றிக் கட்டினாள். வண்டி நகர நகர விளிம்பு துணியையே அறுத்தது. வண்டியோடு சேர்த்து முடுக்கிய மெஷினைத் தனியாக இறக்கவும் வழியில்லை. கலையரசனுக்குப் போன் போட்டாள். பௌர்ணமிக் கூட்டம், ரோட்டை அடைத்துவிட்டார்கள், கடையைச் சாத்திவிட்டேன், நாளைக்குக் காலையில் திறப்பேன் என்றார். சைஸ் சொல்லச் சொன்னார். 1.2 என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். பீரோவுக்குப் பெயிண்ட் எத்தனை பூச்சு? பட்டறைக்காரர் சொன்ன கேஜே சரிதானா? ஒரு எண்ணும் அவளுக்கு நம்பிக்கையாக இல்லை.

அடி அண்ணாமலைத் தெருவில் கிரிவலக் கூட்டம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தபோது அவள் கஞ்சியோடு உள்ளே வந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வலது கை மட்டும் தலைக்கு மேலே நீண்டிருந்தது. குழாயை விளிம்பில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எப்போலேர்ந்துப்பா இப்படிப் புடிச்சினு இருக்கீங்க?"

"நீ போன் பேசப் போனியே, அப்போலேர்ந்து." மூச்சு வாங்கிக்கொண்டார். "விட்டா அறுத்துடுமேனுதான். நீ அழுவாத. வண்டி நல்லாத்தான் செஞ்சிருக்க."

அவள் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து குழாயைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் கை கீழே வந்தது. விரல்களை மடக்க முடியவில்லை அவரால். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

பீரோக் கதவை வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு முட்டாகக் கிடப்பது அப்போது நினைவுக்கு வந்தது. குழாயை விடாமல், மடியில் டைரியை விரித்து இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்:

நாளை. விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சந்திரகலா அக்காவைக் குழாய் பிடிக்கச் சொல்லிவிட்டு, கல்லுக்கு அடியிலிருக்கும் தகட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போகவேண்டும். எண் சொல்லக் கூடாது. துண்டில் பீடிங்கை மாட்டி, இழுத்துப் பார்த்து, கழலாததை வாங்கவேண்டும்.