யார் யாரைப் பார்த்து வாசித்தது

பாட்டுப் பாட ஆளே வைத்துக்கொள்ளாமல் கிட்டாரை மட்டும் நம்பி மேடையேறிய ராக் குழுக்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் இரண்டு இருந்தன. கீரனூர் ஜெரால்டும் அவன் தங்கை ஷர்லியும் டிரம்ஸ் வாசிக்கும் கண்ணனும் சேர்ந்தது ‘மூவர்’. குன்றாண்டார்கோவில் செம்மல் நடத்தியது ‘செம்பாறை’. எந்தக் கல்லூரியில் விழா என்றாலும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, எந்தக் குழு பெரிது என்று தொண்டை கிழியக் கத்துவார்கள்.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறேன் என்று சென்னையிலிருந்து சத்யா கேமராவோடு வந்தாள். இசைக்கென்று யூடியூப் சேனல் நடத்துகிறவள். மாவட்டத்தில் புதிதாகக் கிட்டார் எடுக்கிறவர்கள் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய விஷயம். முதலில் மூவரிடம் போனாள்.

“எல்லாரும் ஒரே சத்தத்தைத்தான் புடிச்சுக்கிட்டுத் திரியறாங்க. நாகஸ்வரம் மாதிரி மெதுவாத் திறந்து வருதே, அது. நீங்களும் வாசிக்கிறீங்க, செம்பாறையும் வாசிக்குது. இந்தப் பக்கத்துல மொதல்ல வாசிச்சது யாரு?”

ஜெரால்டு யோசிக்கவே இல்லை. “இந்தா ஒக்காந்துருக்காள்ல, என் தங்கச்சி. தானாக் கண்டுபிடிச்சா. அவங்க எங்களப் பாத்துத்தான் எடுத்துருக்கணும்.”

கேமரா ஷர்லி பக்கம் திரும்பியது. அவள் சிரித்தபடி, “ஆமா” என்றாள்.

நடந்தது வேறு. முன்பொரு கல்லூரி ஆண்டு விழாவில் இரண்டு குழுக்களுக்கும் ஒரே மேடை. முன்னதாகவே போய்விட்ட ஷர்லி, செம்மல் ஸ்பீக்கரைச் சரிபார்க்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். எப்படி என்று கேட்டதும் அவன் ஒளிக்கவில்லை. தன் கிட்டாரையே அவள் கையில் கொடுத்தான். “இந்த வால்யூம் குமிழ மூடிட்டுத் தந்தியத் தட்டுங்க. பெறகு சுண்டுவிரலால தெறங்க. அவசரப்படாதீங்க, மூச்சு விடுற மாதிரி வரணும்.”

வீட்டில் அவள் வாசித்துக் காட்டியபோது ஜெரால்டுக்குத் தலைகால் புரியவில்லை. “எப்படிடி இது ஒனக்குத் தோணுச்சு?” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அதுவரை அவளுடைய வாசிப்பில் குறை மட்டுமே கண்டவன். அந்த முகத்துக்கு எதிரே அவளால் செம்மல் பெயரைச் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை.

மூவரின் செல்வாக்குதான் பெரிது, செம்பாறை அதன் எதிரொலி என்று சத்யாவின் வீடியோ முடிந்தது. அடுத்த மேடையில் செம்மல் அந்தச் சத்தத்தை எடுத்ததுமே கீழேயிருந்து “ஜெராக்ஸ்! ஜெராக்ஸ்!” என்று கூச்சல். யாரோ அதைப் படம் பிடித்துப் போட, ஷர்லியின் போனுக்கும் வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் வாசிப்பதுதானே, செம்மல் மட்டுமா கண்டுபிடித்தார் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் கையிலெடுத்த சோறு தொண்டையில் இறங்கும்வரைகூட நிற்கவில்லை.

புதுக்கோட்டையில் நடந்த கல்லூரிப் போட்டிக்கு அவளை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். இளமதி என்றொரு மாணவி மேடையேறி, “மூவர் பாணியில வாசிக்கிறேன்” என்று அறிவித்துவிட்டு வாசித்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான். ஆனால் அந்த நிதானமும் மூச்சும் மூவருடையவை அல்ல என்று ஷர்லிக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இறங்கி வந்தவளை ஓரமாக அழைத்தாள்.

“யாருக்கிட்டம்மா கத்துக்கிட்ட?”

இளமதி விழித்தாள். “மேடம், யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க. செம்மல் அண்ணன்கிட்ட. அவர்தான், ‘என் பேரச் சொன்னா காப்பின்னு மார்க்கக் கொறைச்சிருவாங்க, மூவர்னு சொல்லு’ன்னாரு.”

ஷர்லிக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெரால்டு கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“நான் ஒவ்வொரு ஆளுக்கிட்டயும் அவனத் திட்டிக்கிட்டு இருந்தேனே ஷர்லி. ஒன்னய நம்பி.”



மறுநாள் காலையில் இருவரும் குன்றாண்டார்கோவில் போனார்கள். செம்மல் தன் சவுண்டு சர்வீஸ் கடையில் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருந்தான். “வாங்க, வாங்க” என்று எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். ஷர்லி உட்காராமலே சொன்னாள். “நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. நான் மறைச்சுட்டேன். மன்னிச்சுருங்கண்ணே.”

“எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” செம்மல் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். “இப்ப நான் அத வாசிக்கிறதில்ல. வெரலு அங்க போனாலே கீழேருந்து கத்துற மாதிரி இருக்கு.”

ஜெரால்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். செம்மல் டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

அன்றே ஷர்லி தன் போனில் முகத்தைக் காட்டிப் பேசிப் பதிவு செய்தாள். முதலில் வாசித்தது செம்மல், எனக்குக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான், நான் சொன்னது பொய். சத்யாவும் அதைத் தன் சேனலில் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் கமெண்டுகள் குவிந்தன. ‘எவ்வளவு பெரிய மனசு அக்காவுக்கு.’ ‘எதிரிக்கும் விட்டுக்கொடுக்கும் குணம் மூவருக்குத்தான் வரும்.’ ‘அடக்கம்னா இது.’ செம்மலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஷர்லி முதல் கமெண்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினாள்: ‘பெரிய மனசு இல்லைங்க. நெசமாவே நான் பொய்தான் சொன்னேன்.’ அனுப்பிவிட்டு, அடுத்ததற்குப் போனாள்.