சாராயக்காரிக்கு அடித்த மணி

எங்கள் தேவாலயத்துக்கு மணி என்று தனியாகக் கிடையாது. மாமரத்தில் தொங்கும் பழைய லாரி ரிம்தான் மணி. படபடவென்று அடித்தால் ஆராதனை. விட்டு விட்டுப் பன்னிரண்டு அடி விழுந்தால் சபையில் சாவு. சபையில் சேராதவர்களுக்கு அதை யாரும் அடித்ததில்லை.

சபையில் மிஞ்சியதே இருபத்து மூன்று பேர். பாதிக்கு மேல் என்னைப்போல முழங்கால் வலிக்காரிகள். 'உங்கள் சபை எதற்காக இருக்கிறது என்று ஈஸ்டருக்குள் எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் மூடிவிடுவோம்' என்று மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. மூப்பர் கலியாத்தி இரண்டு மாதமாக வெள்ளைத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் லிகினெட் செத்துப்போனாள். ஆலயச் சுவருக்குப் பின்னால் கச்சாசு சாராயம் காய்ச்சி விற்றவள். எங்கள் ந்திரண்டே மலையில் மூன்று நாளாக விடாத மழை. அவள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டிலை வெளியே போட்டு, தாயின் உடல் நனையாமல் மகள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. ஆலயச் சாவி என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்து, கட்டிலை உள்ளே கொண்டுவர அங்கிருந்த இளைஞர்களிடம் சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது அடியிலேயே மூப்பர் நனைந்துகொண்டு ஓடிவந்தார்.

"நம்மாளுல யாரு?"

"லிகினெட்."

"சாராயக்காரியா? எஸ்னாத்தம்மா, புத்தி கெட்டுப்போச்சா? சுத்தியலைக் குடுங்க!"

"இன்னும் ஒம்போது அடி பாக்கி இருக்கு ஐயா."

"இன்னும் ஒரு அடி அடிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க வெள்ளைச் சட்டையை வாங்கிடுவேன்."

மாதர் சங்கத்து வெள்ளைச் சட்டையோடுதான் எங்களைப் புதைப்பார்கள். நாற்பது வருடமாக நான் துவைத்துத் துவைத்து உடுத்திய சட்டை. அதைப் பறித்துவிட்டால் இந்த மலையில் எந்த முகத்தோடு நடப்பேன்? சுத்தியல் கையிலேயே நின்றது. கட்டிலைத் தூக்கி வந்த நான்கு இளைஞர்களும் மழையிலேயே, வாசலிலேயே நின்றார்கள்.

"விடுங்கம்மா," என்றாள் மகள். "வெளியிலயே வச்சுக்கறோம். எங்களால உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அவள் அப்படிச் சொன்னதும் பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது.

"ஐயா, போன வருசம் உங்க சம்சாரம் ஃபாலெஸ் அக்காவுக்குக் குழி வெட்டுனது யாரு?"

"பக்கத்துச் சபைப் பசங்க. நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"பொய் சொன்னேன். அங்கேருந்து ஒருத்தனும் வரல. நம்மள்ல மண்வெட்டி தூக்க ஆளேது? லிகினெட்தான் தன் கடையில உக்காந்திருந்தவங்களை எழுப்பி அனுப்புனா. குழி வெட்டி முடிக்கிறவரைக்கும் ஒரு சொட்டு கிடையாதுன்னு மிரட்டி அனுப்புனா. உங்களுக்குத் தெரிஞ்சா வேணாம்பீங்கன்னு என் வாயையும் கட்டிட்டா."

மூப்பர் கட்டிலின் முன்காலைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார்.

"நீயா?"

"ஆமாங்கய்யா," என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கும் மழை."

மூப்பர் என்னிடம் வந்து சுத்தியலைப் பிடுங்கினார். போச்சு, சட்டை போச்சு என்று நினைத்தேன். அவர் ரிம்முக்கு நேராக நின்று ஓங்கி அடித்தார். நான்கு. ஐந்து. நடுவில் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணக்குத் தவறாமல் பன்னிரண்டு.

மலை முழுக்கக் கதவுகள் திறந்தன. எங்கள் சங்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு பெரிய பாத்திரங்களை இறக்கி ந்சீமாக் களி கிண்டத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை லிகினெட்டின் மகள் அந்தப் பாத்திரங்களைத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அவற்றைத் தூக்கி வந்த அதே நான்கு இளைஞர்களும் திரும்பிப் போகாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மூப்பர் தாளை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டே வரி. 'இந்த மலையில் யார் செத்தாலும் மணி அடிப்போம். அதற்காக இருக்கிறோம்.'

"ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

"அது தெரியாது ஐயா," என்றேன். "ஆனா உங்களுக்குக் குழி வெட்ட ஆள் இருக்கு."

ஃபாலெஸ் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.